புறாவுக்குக் கட்டிய சிடி

என் பாட்டை என் அண்ணன் புறா விரட்டக் கட்டித் தொங்கவிட்டான். இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. நான் பாடிய ஒரே சிடியின் நடு ஓட்டையில் சணல் கயிற்றைக் கோத்து, முடிச்சுப் போட்டு, ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டான். மூன்று வருடம் அது அங்கே சுற்றிக்கொண்டிருந்தது. புறாக்கள் பயப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். பட்டறையில் பத்து மைக்ரான் பிசகினாலும் ஆளை நிற்க வைத்துக் கேள்வி கேட்பான் என்று அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான். வீட்டு விஷயம் என்று வந்துவிட்டால் மட்டும் எல்லாம் குத்துமதிப்பு. 'தெரியாது' என்ற வார்த்தை அவன் வாயில் வந்து நான் கேட்டதில்லை. தெரியாததைத்தான் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வான்.

என் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது என்னிடம் இருப்பது குரல் இல்லை, ஒரு கரகரப்பு. முப்பத்தொரு வயதில் என் கழுத்திலிருந்து தைராய்டு கட்டியை எடுத்தார்கள். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, பாதிக்கப்படலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். நானும் படித்துப் பார்த்துத்தான் போட்டேன். கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. ஃபோனில் முன்பின் தெரியாதவர்கள் என்னை 'சார்' என்கிறார்கள். மாடியிலிருந்து காய்கறிக்காரரைக் கூப்பிட வேண்டுமென்றால் கையைத் தட்ட வேண்டும். கோபம் வந்தால் கத்தவும் முடியாது. கத்த முடியாதவளின் கோபம் ஆறுவதே இல்லை, என் அனுபவம் அது.

அதற்கு முன்னால் நான் பாடினேன். குன்றத்தூர் மலையில் கிருத்திகைக்குப் பாடியிருக்கிறேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருப் பிள்ளையாருக்குப் பாடியிருக்கிறேன். கல்யாண ரிசப்ஷன்களில், எல்லோரும் பந்திக்கு இடம் பிடிக்க ஓடும் நேரத்தில், காலி நாற்காலிகளுக்குப் பாடியிருக்கிறேன். இருபத்துநாலு வயதில், குரோம்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இருந்த ஸ்டூடியோவில் ஐந்து பாட்டு பதிவு செய்தேன். சுவரெல்லாம் முட்டை அட்டை. பக்கத்திலேயே ஏர்போர்ட் என்பதால் விமானம் கிளம்பும்போதெல்லாம் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஸ்டூடியோக்காரர் இரண்டு சிடி எழுதிக் கொடுத்தார். ஒன்றை, சினிமாவில் ஆள் தெரியும் என்று சொன்ன ஒரு மகானுபாவன் வாங்கிக்கொண்டு போனான். இன்றைய தேதி வரை கேட்டுக்கொண்டிருக்கிறான் போல, பதில் இல்லை. இன்னொன்று என்னிடம் தங்கியது. மேலே பச்சை மார்க்கரில் 'ஃபைனல்' என்று எழுதியிருக்கும். ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை இருக்கிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு அந்த சிடியை நான் ஒரு தடவைகூடப் போடவில்லை. போட்டால் தாங்காது. எங்கோ பத்திரமாக இருக்கிறது என்பதே போதும் என்று இருந்தேன். என் கணவர் என்னைக் கல்யாணம் செய்துகொண்டதே ஆபரேஷனுக்கு அப்புறம்தான். அவர் என் பாட்டைக் கேட்டதில்லை. என் மகளும் கேட்டதில்லை. 'ஆபரேஷன் மட்டும் ஆகலைன்னா நான் எங்கயோ போயிருப்பேன்' என்று நான் சொல்லும்போதெல்லாம் இருவரும் தலையாட்டுவார்கள். அவர்களிடம் வேறு ஆதாரம் இல்லை. என்னிடம் ஒன்று இருந்தது. அது ராஜகீழ்ப்பாக்கத்தில், அம்மா வீட்டில், என்னுடைய மற்ற நூற்று நாற்பது சிடிகளோடு ஒரு இரும்புப் பெட்டியில் இருந்தது.

அம்மா போன பிறகு அந்த வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டக் கொடுத்தோம். வீட்டைக் காலி செய்த வாரம் நான் வேலை செய்கிற காலேஜில் பரீட்சை. பரீட்சைப் பிரிவில் இருப்பவளுக்கு அந்த வாரம் சொந்தச் சாவுக்கே லீவு கிடைக்காது. அண்ணன்தான் காலி செய்தான். சாயங்காலம் ஃபோன் செய்தான்.

"உன் சிடி அத்தனையும் காப்பி பண்ணிட்டேன். பென்டிரைவ்ல இருக்கு."

"நூத்தி நாப்பதுமா?"

"ஒரே மத்தியானம். என்னமோ பெரிய விஷயம் மாதிரி பேசற. ஒண்ணு போட்டா ரெண்டு செகண்டுல முடிஞ்சிருது."

"டெஸ்ட் பண்ணியாண்ணா?"

"நாலஞ்சு போட்டுப் பாத்தேன். கணீர்னு பாடுது."

ரெண்டு செகண்டு என்று சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அன்று எனக்கும் ஒன்றும் தெரியாது. அடுத்த தடவை வந்தபோது பென்டிரைவை ஒரு குங்குமப் பொட்டலம் மாதிரி காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். நானும் பீரோவில் நகை டப்பாவுக்குள் வைத்தேன். முட்டாள்தனத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் என் பங்கு சின்னது.

மூன்று வருடம் கழித்து நானே சிடிகளைக் கணினியில் ஏற்ற ஆரம்பித்தேன். அதற்குக் காரணமும் கோபம்தான். மாதாமாதம் காசு கட்டிக் கேட்கிற பாட்டுச் செயலியில், எனக்குப் பிடித்த பழைய ஆல்பம் ஒன்று ஒரு நாள் காணாமல் போயிற்று. கேட்டால் 'உங்கள் பகுதியில் கிடைக்காது' என்று வந்தது. என் பகுதி முடிச்சூர். இங்கே ஏன் கிடைக்காது? பற்றிக்கொண்டு வந்தது. ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு பழைய சிடி டிரைவ் வாங்கினேன். அந்த ஆல்பத்தின் சிடியைத் தேடிப் பிடித்து வாங்கினேன். பிறகு இன்னும் பல.

இந்த வேலையை ரிப் பண்ணுவது என்பார்கள். அதை எம்பி3 ஆக அல்ல, ஃப்ளாக் என்ற கோப்பாகச் செய்ய வேண்டும். எம்பி3 என்பது காதுக்கு எது தெரியாது என்று அதுவாகவே முடிவு செய்து, அதையெல்லாம் வெட்டிப் போட்டுவிட்டு மீதியைக் கொடுக்கிறது. என் காதுக்கு எது தெரியும் என்று அதற்கு யார் சொன்னார்கள்? ஃப்ளாக் எதையும் வெட்டாது. சிடியில் இருப்பது அப்படியே, ஒரு புள்ளி குறையாமல் வரும். ரிப் பண்ணுகிற மென்பொருளும் எனக்குப் பிடித்துப்போயிற்று. அது யாரையும் நம்பாது. பாட்டை ஒரு தடவை முழுக்கப் படித்து ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ளும். மறுபடியும் முதலிலிருந்து படிக்கும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் 'சரி' என்று எழுதும். இல்லையென்றால் எந்த நொடியில் பிசகு என்று போட்டுக் கொடுத்துவிடும். இப்படி ஒரு ஆள் எங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது.

ஐம்பது அறுபது சிடி ஏற்றி முடித்தபோது ஒரு தைரியம் வந்தது. என்னுடையதையும் இதில் வைத்துவிடலாம், கேட்காவிட்டாலும் பரவாயில்லை, வைத்தாவது வைப்போம் என்று தோன்றியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பென்டிரைவை எடுத்துச் செருகினேன்.

நூற்று நாற்பத்தொரு ஃபோல்டர். அழகாகப் பெயர் போட்டு, வரிசையாக. கடைசியில் 'தங்கச்சி' என்று ஒன்று. உள்ளே ஐந்து கோப்பு, டிராக் ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஒவ்வொன்றின் அளவும் ஒரு கேபி. ஒரு முழுப் பாட்டு ஒரு கேபியில் அடங்காது. ஒரு தும்மல்கூட அடங்காது. அழுத்தினேன், திறக்கவில்லை. மற்ற ஃபோல்டர்களைப் பார்த்தேன். எல்லாம் ஒரு கேபி.

விஷயம் இதுதான். பாட்டு சிடியைக் கணினியில் போட்டால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கோப்பு இருப்பது போலக் காட்டும். அது பாட்டு இல்லை. இந்தப் பாட்டு சிடியில் இந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்கிற சீட்டு. அந்தச் சீட்டைக் காப்பி செய்தால் சீட்டுதான் வரும். கல்யாணப் பத்திரிகையைப் பையில் போட்டுக்கொண்டு, சாப்பிட்டாயிற்று என்று ஏப்பம் விடுவது போன்றது. அவன் போட்டுப் பார்த்தபோது பாடியது என்றானே, அதுவும் உண்மைதான். சிடி அப்போது டிரைவுக்குள்ளேயே இருந்தது. சீட்டு வழி காட்டியது, சிடி பாடியது, இவன் பென்டிரைவ் பாடுகிறது என்று நினைத்துக்கொண்டான். நூற்று நாற்பத்தொரு தடவை இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறான்.

ஃபோன் செய்தேன்.

"அண்ணா, அந்த சிடியெல்லாம் எங்க?"

"எந்த சிடி?"

"என் சிடி. பெட்டியில இருந்தது."

"அதான் காப்பி பண்ணிக் குடுத்துட்டேனே."

"அதுல ஒண்ணுமே இல்ல. நீ காப்பி பண்ணது வெறும் சீட்டு. பாட்டு வரல. சிடி எங்கண்ணா?"

"உன் கம்ப்யூட்டர்ல ஏதோ பிரச்சன. எங்கிட்ட கணீர்னு பாடிச்சு" என்றான்.

"சிடி எங்க?"

"இங்க அசோசியேஷன்ல புறாத் தொல்லைன்னு ஒரே புலம்பல். பளபளன்னு எதையாவது கட்டினா வராதுன்னாங்க. சும்மா கெடக்குதேன்னு எல்லா வீட்டுக்கும் ஆளுக்கு அஞ்சாறு குடுத்தேன். எல்லாரும் தேங்க்ஸ் சொன்னாங்க."

தேங்க்ஸ் சொன்னார்களாம். நான் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. ஃபோனை வைத்துவிட்டேன். என் கணவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவரையும் திட்டினேன், அவர் ஒன்றும் செய்யாதபோதும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வேங்கைவாசலுக்குப் போனேன். அண்ணன் வீடு அங்கே நான்கு மாடி ஃப்ளாட். ஒரு மாடிக்கு ஆறு வீடு. கேட்டில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். பால்கனிக்குப் பால்கனி என் சிடிகள் மினுக்கிக்கொண்டிருந்தன. பத்தொன்பது வயதிலிருந்து ட்யூஷன் எடுத்து, பஸ்ஸுக்கு நடந்து, ஒவ்வொன்றாக வாங்கியவை. ஒன்றின் மேல் ஒரு புறா உட்கார்ந்து ஊஞ்சலாடியது. சத்தியமாக.

வீடு வீடாகப் பெல் அடித்தேன். அண்ணன் பின்னாலேயே வந்தான். 'என் தங்கச்சி, கொஞ்சம் சென்டிமென்ட்' என்று ஒவ்வொரு வாசலிலும் எனக்காக மன்னிப்புக் கேட்டான். எனக்காக. கடையில் வாங்கிய சிடிகள் வெயிலைக் கொஞ்சம் தாங்கும். என்னுடையது வீட்டில் எழுதுகிற ரகம், அதன் பூச்சு வெயில் பட்டால் வெளுத்துவிடும், பிறகு ஒன்றும் மிஞ்சாது. மாடிக்கு மாடி ஏறும்போது எனக்கு இது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாடி முடிந்தது. கிடைக்கவில்லை.

மாடிப்படியைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாள்தான் கேட்டார். அந்த ஃப்ளாட் முழுக்கப் பெருக்கித் துடைப்பவர் அவர்.

"இன்னாக்கா தேடிகினு கீற, காலைலேருந்து?"

"பச்சை எழுத்து எழுதின சிடி ஒண்ணு."

"அட, அதுவா? ரெண்டாவது மாடி டக்டாண்ட தொங்குதே. புறா பீய தொடச்சி தொடச்சி என் கை தேஞ்சி போச்சு. எந்த மகராசன் கட்டினாரோ, அத்தப் பாத்துட்டுத்தான் எல்லாப் புறாவும் வருது."

மகராசன் என் பின்னால் நின்றுகொண்டு சுவரைப் பார்த்தான்.

டக்ட் என்பது பாத்ரூம் குழாய்கள் இறங்குகிற சந்து. அங்கே வெயில் எட்டிப் பார்க்காது. இருட்டும் ஈரமும் நாற்றமும்தான். ஜன்னல் கம்பியில் சணலில் தொங்கியது. 'ஃபைனல்' என்பதில் பாதி எழுத்து இருந்தது. அந்த அம்மாள்தான் கையை விட்டு அவிழ்த்துக் கொடுத்தார். அண்ணன் வாங்கக் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. அவன் வீட்டில் காப்பிகூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

பாத்திரம் தேய்க்கிற சோப்பைத் தண்ணீரில் கரைத்து, பழைய மல் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் கீறல் விழும். டிரைவில் போட்டேன். ஐந்து பாட்டு இருக்கிறது என்று காட்டியது. ரிப் பண்ணக் கொடுத்தேன். மற்ற சிடிகள் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இது முதல் பாட்டில் ஏறவே இல்லை. டிரைவ் முனகியது, நின்றது, மறுபடி சுற்றியது. ஒரே இடத்தை எண்பது தடவை படித்தது. பிசகு என்று எழுதியது. அடுத்த மூன்று மாதமும் வார இறுதிகளில் வேறு இரண்டு டிரைவ் வாங்கி மாற்றிப் பார்த்தேன். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும் என்பார்கள். ஐந்தில் நான்கு போயே போயிற்று. தடதடவென்று கரண்டியால் தகரத்தில் அடிப்பது போன்ற சத்தம்தான் வந்தது.

இரண்டாவது பாட்டு மட்டும் வந்தது. முருகன் மேல் ஒரு தமிழ்ப் பாட்டு, காம்போதி. முதல் தடவை படித்து ஒரு எண், இரண்டாம் தடவை படித்து அதே எண். பிசகு எதுவும் இல்லை என்று மென்பொருள் எழுதியது. நம்பாமல் இன்னொரு டிரைவில் போட்டேன். அதே எண். குரோம்பேட்டையில் அன்று எழுதியது ஒரு புள்ளி குறையாமல் என் கணினிக்குள் வந்துவிட்டது. வீட்டில் யாரும் இல்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

தம்புரா, பிறகு என் குரல். ஆபரேஷன் ஆகிப் பதினாறு வருடம் கழித்துக் கேட்கிறேன். எவ்வளவு சின்னப் பெண், எவ்வளவு தடையில்லாமல் காற்றை விடுகிறாள். அழுதேன். பல்லவி முடிந்தது, அனுபல்லவி முடிந்தது. சரணத்தில் மேல் காந்தாரத்துக்குப் போய் நிற்க வேண்டும். அவள் போனாள், கீழே நின்றாள். ஒரு மயிரிழை கீழே. சரி, ஒரு தடவை ஆகும் என்று நினைத்தேன். அந்த வரி மூன்று தடவை வருகிறது. மூன்று தடவையும் ஸ்ருதி இறங்கித்தான் நின்றாள், அதுவும் நம்பிக்கையாக, நீட்டி. அவளுக்குத் தெரியவே இல்லை. எனக்குத் தெரிந்தது. குரல் போனாலும் காது இருக்கிறதே, அது போய்த் தொலைந்திருக்கக் கூடாதா?

கல்யாண ரிசப்ஷனுக்குப் போதும் அந்தப் பாட்டு. தெருப் பிள்ளையாருக்குத் தாராளமாகப் போதும். எங்கேயும் போயிருக்க மாட்டேன். எம்பி3 ஆக இருந்திருந்தால் அதன் தலையில் பழியைப் போட்டிருப்பேன். அந்த வழியையும் நானே அடைத்து வைத்திருந்தேன்.

கணவரிடம் ஒரு பாட்டு தேறியது என்று மட்டும் சொன்னேன். அவர் வாய் சும்மா இருக்குமா, அண்ணனுக்குச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு அவன் வந்து நின்றான். கையில் ஒரு கிலோ மிக்சர். தப்பு செய்துவிட்டேன் என்று வாயால் சொல்ல வராதவர்கள் மிக்சர் வாங்கி வருவார்கள்.

"போடு, கேக்கலாம்" என்றான்.

இவன் ஆறு வருடம் மிருதங்கம் படித்தவன். நான் சாதகம் பண்ணும்போது பக்கத்து அறையில் வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டே 'ஸ்ருதி' என்று குரல் கொடுப்பான், தலையைக்கூட நிமிர்த்தாமல். எல்லாத் தடவையும் சரியாகத்தான் சொல்வான், அதுதான் எரியும். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் புறாவுக்குக் கட்டியது என்ன என்று அவன் கேட்கட்டும் என்ற வெறி இருந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டான். சரணம் வந்தது. முதல் தடவை அவன் விரல் நின்றது. பிறகு ஒரு அட்சரம் தள்ளிச் சேர்ந்துகொண்டது. இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் நிற்கவில்லை. பார்த்துக்கொண்டேன். பாட்டு முடிந்தது. கண்ணைத் திறந்தான்.

"நல்லா இருக்கு" என்றான். "ரொம்ப நல்லா இருக்கு."

நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாக அவன் வாயிலிருந்து இதைக் கேட்கிறேன்.

"சரணத்துல?"

"சரணத்துல என்ன?"

"பொய் சொல்லாதண்ணா. உன் கை நின்னுச்சு."

தரையைப் பார்த்தான். மிக்சர் பொட்டலத்தின் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டான்.

"அது சிடியில கோளாறு" என்றான். "அந்த ஈரத்துல மூணு வருஷம் கெடந்தா எதுதான் கெடாது. அதான் அந்த எடத்துல ஸ்ருதி கொஞ்சம் எறங்கின மாதிரி கேக்குது. நான் அங்க கொண்டுபோய்க் கட்டியிருக்கக் கூடாது. என் தப்புதான்."

சிடி கெட்டால் பாட்டு விட்டு விட்டு வரும், சத்தம் உடையும். ஸ்ருதி இறங்காது. அது அவனுக்கு நன்றாகவே தெரியும். 'என் தப்பு' என்பது மூன்று மாதமாக அவனிடமிருந்து நான் பிடுங்கப் பார்த்த வார்த்தை. அவன் தப்பு எதுவும் இல்லாத இடத்தில் தானாக எடுத்துக் கொடுக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் என் கணினியில் மென்பொருள் எழுதிய அந்தப் பக்கம் திறந்தே இருந்தது, இரண்டு எண்ணும் ஒன்று, பிசகு எதுவும் இல்லை. எட்டிக் கையை நீட்டி அதை மூடினேன்.

"ஆமா" என்றேன். "உன்னாலதான் கெட்டுப்போச்சு."

அவன் தலையாட்டினான்.